ரோட்டை அகலமாக்கு, வேணாங்கல! வாய்க்காலை நெரிக்காதே!



கல்லணையில் ஆரம்பித்துப் பூம்புகார் கடற்கரையில் போய் முடிகிற ரோட்டுக்கு அரசாங்கக் கணக்கில் மாநில நெடுஞ்சாலை எண் 22 என்று பெயர். நமக்கு அது நம்பர் இல்லை. திருக்காட்டுப்பள்ளிக்காரருக்கு அது கல்லணை ரோடு, ஆடுதுறைக்காரருக்கு மாயவரம் ரோடு, செம்பனார்கோயில்காரருக்குப் பூம்புகார் ரோடு. விதை வாங்கப் போறது, நெல் மூட்டை ஏத்தறது, பிள்ளையைக் காலேஜுக்கு அனுப்பறது, ராத்திரி ஆஸ்பத்திரிக்கு ஓடறது எல்லாம் இந்த ரோட்டில்தான். அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறோம்: இந்த ரோட்டை அகலப்படுத்தக் கூடாது என்று நம் சங்கம் சொல்லவில்லை. "விவசாயிங்க எதுக்கெடுத்தாலும் குறுக்கே படுப்பாங்க" என்று டீக்கடையில் பேசுகிறவர்கள் இந்தப் பிரசுரத்தை முழுசாகப் படித்துவிட்டுப் பேசட்டும். பஸ்ஸும் லாரியும் போக அகலம் கேட்கிறார்கள், சரி. தண்ணி போக அகலம் யார் கேட்கிறது? அதைக் கேட்கத்தான் இந்தப் பிரசுரம்.

ரோடு எந்த வழியாகப் போகிறது என்று ஒரு தடவை நினைத்துப் பாருங்கள். கல்லணையில் காவிரி, வெண்ணாறு, புது ஆறு, கொள்ளிடம் என்று தண்ணீர் பிரிகிறது. அங்கிருந்து குடமுருட்டி பிரிகிற திருக்காட்டுப்பள்ளி. அப்புறம் திருவையாறு. பிறகு காவிரிக்கும் அரசலாற்றுக்கும் நடுவில் இருக்கிற கும்பகோணம். பட்டு நெய்கிற திருபுவனம், திருவிடைமருதூர், ஆடுதுறை, நாதஸ்வரம் செய்கிற நரசிங்கன்பேட்டை, குத்தாலம், மயிலாடுதுறை, செம்பனார்கோயில், மேலையூர், பூம்புகார். ஆறு எப்படிப் போகிறதோ அப்படியே ரோடும் போகிறது. ஆற்றை விட்டு விலகிப் போக இந்த ரோட்டுக்குத் தெரியாது.

அது தற்செயல் இல்லை. வழி என்பதே ஆற்றோடுதான் உண்டானது. சிலப்பதிகாரத்தில் கோவலனும் கண்ணகியும் புகாரை விட்டுக் கிளம்பிக் காவிரியின் வடகரையோடு மேற்கே நடக்கிறார்கள், கவுந்தியடிகள் துணையோடு திருவரங்கம் வருகிறார்கள், அதற்கு அப்புறம்தான் மதுரைக்குத் திரும்புகிறார்கள். இன்றைக்கு நாம் பஸ்ஸில் போவது அதே போக்கில்தான், கரை மட்டும் மாறி மாறி வருகிறது. கிழக்கே சோழன் துறைமுகம், மேற்கே கரிகாலன் பேர் சொல்லும் கல்லணை, நடுவில் நெல். நெல்லும் ஆளும் போய் வந்த தடம் மண் ரோடாகி, கப்பி ரோடாகி, தார் ரோடாகி, கடைசியில் நம்பரும் வாங்கிக்கொண்டது. 1836-ல் ஆர்தர் காட்டன் முக்கொம்பில் மேலணையும் அணைக்கரையில் கீழணையும் கட்டினார். 1934-ல் மேட்டூர் அணை வந்தது, கல்லணையில் புது ஆறும் வந்தது. இத்தனை வேலையும் எதுக்கு? தண்ணி கடைமடை வரைக்கும் போய்ச் சேரணும் என்பதுக்கு. அந்தக் கடைமடைதான் இந்த ரோட்டின் கடைசி மைல்கல்லும். மேலையூர் கதவணையில் காவிரித் தண்ணீர் வந்து விழுந்தால் பேப்பரில் போட்டோ போடுகிறான். பூ போட்டுக் கும்பிடுகிறோம். அகண்ட காவிரி என்று திருச்சிக்கு மேற்கே பேர் வாங்கின ஆறு, பூம்புகாரில் வாய்க்கால் மாதிரி ஒடுங்கிப் போய்க் கடலில் கலக்கிறது. இடையில் அத்தனை வாய்க்காலுக்கும் பகிர்ந்து கொடுத்துவிட்டுப் போகிறது என்று அர்த்தம்.

இப்போது விஷயத்துக்கு வருவோம்.

கும்பகோணத்துக்குக் கிழக்கே ஆறு வடக்கே ஓடுகிறது, ரோடு தெற்கே போகிறது. ஆற்றில் தலைப்பு வைத்துத் தெற்கே பிரிகிற வாய்க்கால் இந்த ரோட்டைத் தாண்டாமல் வயலுக்குப் போக முடியாது. பக்கத்திலேயே ரயில் ரோடு, அதையும் தாண்டணும். அப்புறம் ஊராட்சி ரோடு, அப்புறம் புதுசாகப் போட்ட நகர்களின் தெரு. தண்ணீர் ஒவ்வொரு இடத்திலும் ஒரு மதகுக்குள் குனிந்து நுழைந்துதான் மேலே போகணும். ஒரு ரோட்டுக்கு நாலு மதகு தப்பாகப் போட்டாலே போதும், கீழே இருக்கிற ஆயக்கட்டு முழுக்கத் தகராறு.

டெல்டாவின் தரை வாட்டம் எவ்வளவு சன்னம் என்று நமக்குத்தான் தெரியும். மலைச்சரிவில் ஒரு அடி ஏத்தி இறக்கிக் கட்டினால் ஒண்ணும் ஆகாது. இங்கே மதகின் அடித்தளம் ஒரு சாண் ஏறினால் தண்ணீர் மேல்பக்கம் தேங்கும், கீழ்ப்பக்கம் ஒழுகும். ஒரு சாண் இறங்கினால் வண்டல் வந்து உட்காரும், இரண்டாம் வருஷம் பாதிக் கண் அடைபடும். பழைய கட்டு மதகுகளைப் பாருங்கள். செங்கல்லும் சுண்ணாம்பும் வைத்துக் கட்டினவன் வாய்க்கால் படுகையைப் பார்த்துத்தான் தளம் போட்டிருக்கிறான். ஆள் இறங்கிக் குனிந்து போய்த் தூர்வாரி வரலாம். இன்றைக்கு அதை உடைத்துவிட்டுச் சிமெண்ட் குழாய் பதிக்கிறார்கள். அதில் ஆள் நுழைய முடியாது. ஆகாயத்தாமரையும் நெய்வேலிக் காட்டாமணக்கும் ஒரு தடவை வந்து அடைத்தால் எடுக்க வழியே கிடையாது. இன்னொரு வேடிக்கையும் உண்டு. பழைய மதகை உடைக்காமலே இரண்டு பக்கமும் ஒட்டுப் போட்டு நீட்டுகிறார்கள். நடுவில் பழைய அகலம், ஓரத்தில் புது அகலம், தளம் மூணும் மூணு மட்டம். ரோடு மேலே பார்த்தால் நைஸாக இருக்கும். அடியில் நடக்கிற கூத்து காரில் போகிறவருக்குத் தெரியாது.

நம் சங்கத்து ஊர் ஒன்றில் நடந்ததைச் சொல்கிறோம். பேர் வேண்டாம், ஊர்க்காரர்களுக்குத் தெரியும். மதகு வேலைக்காக வாய்க்காலின் குறுக்கே மண் கொட்டி அணை கட்டினார்கள். ஆற்றில் தண்ணீர் வந்துவிட்டது. மண்ணை எடுக்கச் சொன்னால் காண்டிராக்டர் ஆளைக் காணோம். ஆபீசுக்குப் போனால் "அது நீர்ப்பாசனக்காரங்க பார்க்கணும்" என்றார்கள். அங்கே போனால் "ரோட்டுக்காரங்க போட்டது, அவங்கதான் எடுக்கணும்" என்றார்கள். நாற்றங்கால் காய்ந்து நிற்கிறது, இவர்கள் பைலை வைத்துப் பல்லாங்குழி ஆடுகிறார்கள். கடைசியில் நாம்தான் வரி வசூல் பண்ணி ஜேசிபி பிடித்து எடுத்தோம். பாதி மண் வாய்க்காலுக்குள்ளேயே சரிந்து கிடந்தது. அந்த மண்ணுக்கும் பில் போட்டிருப்பார்களோ என்னமோ, நாம் பார்க்கவில்லை.

இது ஜூன் மாதக் கதை. ஐப்பசி, கார்த்திகையில் கதை நேர் எதிர். அப்போது தண்ணீர் வரவில்லை என்று அழுதவர்கள் இப்போது தண்ணீர் போகவில்லை என்று அழுகிறோம். ரோடு உயர்ந்து கிடக்கிறது, வடிகால் மதகு சுருங்கிக் கிடக்கிறது, ரோடே அணைக்கட்டாகிவிடுகிறது. 2008-ல் நிஷா புயல் மழையில் பார்த்தோம். 2022 நவம்பர் 11-ஆம் தேதி சீர்காழியில் ஒரே நாளில் 44 சென்டிமீட்டர் பெய்தபோதும் பார்த்தோம். 44 சென்டிமீட்டருக்கு எந்த மதகும் பத்தாது, அது நமக்கும் தெரியும். ஆனால் மழை விட்ட பிறகு எத்தனை நாளில் தண்ணி வடியுது என்பதில்தான் சம்பா பிழைப்பதும் சாவதும் இருக்கிறது. சின்னப் பயிர் தலை முழுகி நாலு நாள் தாங்கும், பத்து நாள் தாங்காது. வடிகால் மதகு சரியாக இருந்தால் நாலு நாள், இல்லாவிட்டால் பத்து நாள். பயிர் இன்சூரன்ஸ்காரன் இதற்கு ரோட்டுக்காரனைக் கேட்கப் போவதில்லை.

ரோட்டின் உயரம் எப்படி ஏறுகிறது? பழைய தாரின் மேலேயே புதுத் தார். பழையதைச் சுரண்டி எடுத்துவிட்டு அதே மட்டத்தில் போடணும் என்று 2021 மே மாதம் தலைமைச் செயலாளரே எழுதினார். எழுதினது நல்ல காரியம். ரோட்டோரத்து வீட்டு வாசற்படி ரோட்டைவிடப் பள்ளத்தில் இருக்கிறதா, மேட்டில் இருக்கிறதா என்று அவரவர் ஊரில் பார்த்துக்கொள்ளுங்கள்.

சரி, சட்டம் நம்மைக் காப்பாற்றாதா? பலர் கேட்கிறார்கள். மறைக்காமல் சொல்ல வேண்டியது சங்கத்தின் கடமை.

மாநில ரோட்டுக்கு நிலம் எடுப்பது 2001-ஆம் வருஷத்துத் தமிழ்நாடு நெடுஞ்சாலைகள் சட்டத்தின்படி. 2013-ல் மத்திய அரசு புதிய நில எடுப்புச் சட்டம் கொண்டுவந்தது, 2014 ஜனவரி 1 முதல் அமலானது. அதில் சமூகத் தாக்க ஆய்வு உண்டு, ஊரில் கருத்துக் கேட்பு உண்டு. நல்ல நஷ்ட ஈடும் உண்டு. தமிழக அரசு உடனே 105-ஏ என்று ஒரு பிரிவைச் சேர்த்து, நெடுஞ்சாலைச் சட்டம் உள்ளிட்ட மூன்று மாநிலச் சட்டங்களுக்கு அந்த நடைமுறை பொருந்தாது என்று ஒதுக்கி வைத்தது. 2019 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் அது செல்லாது என்றது. பட்டாசு வெடித்தோம். வெடிச் சத்தம் அடங்கும் முன்னால், அதே வருஷத்தில் சட்டமன்றத்தில் புதுச் சட்டம் போட்டு மூன்றுக்கும் மறுபடி உயிர் கொடுத்தார்கள். 2021 ஜூன் 29-ல் உச்ச நீதிமன்றம் அதைச் செல்லும் என்று சொல்லிவிட்டது. ஆக, நஷ்ட ஈட்டுக் கணக்கு மட்டும் 2013 சட்டப்படி கிடைக்கும். சந்தை மதிப்பு, கிராமப்புறத்துக்கு ஒன்றிலிருந்து இரண்டு வரை பெருக்கல், அதற்கு மேல் நூறு சதவீதம் ஆறுதல் தொகை. ஆனால் "இந்த ரோட்டால் ஊருக்கு என்ன பாதிப்பு" என்று முன்கூட்டி ஆய்வு செய்யும் கட்டாயம் போய்விட்டது.

இன்னொன்றையும் கேளுங்கள். 2013 சட்டத்தில் பத்தாவது பிரிவு, பாசன வசதியுள்ள பல போக நிலத்தைச் சாதாரணமாக எடுக்கக் கூடாது என்கிறது. படித்தவுடன் வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருக்கும். அதே பிரிவின் கடைசி வரியில் ரயில், நெடுஞ்சாலை, வாய்க்கால், மின்பாதை மாதிரி நீளவாக்கில் போகிற திட்டங்களுக்கு இது பொருந்தாது என்று எழுதி வைத்திருக்கிறான். 2020-ல் டெல்டாவைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலம் என்று அறிவித்துச் சட்டம் போட்டார்கள். எண்ணெய், எரிவாயு எடுக்கக் கூடாது, உருக்காலை கூடாது. வரவேற்றோம். அந்தத் தடைப் பட்டியலில் ரோடு கிடையாது. எந்தச் சட்டத்தைப் புரட்டினாலும் வாய்க்கால் மதகு எத்தனை கண் என்ற கேள்விக்கு ஒரு வரி இல்லை.

மிச்சம் இருப்பது ஆட்சேபணை மனு. 2001 சட்டத்தின் பதினைந்தாவது பிரிவில், நிலத்தை எடுப்பதற்கு முன்னால் சொந்தக்காரரையும் அந்த நிலத்தில் பாத்தியதை உள்ளவரையும் கேட்டாகணும். இந்த ஒரு வாசல்தான் திறந்திருக்கிறது. இந்த வாசலில் நாம் இத்தனை நாளாக என்ன பேசினோம்?

இங்கேதான் நம் தப்பையும் ஒத்துக்கொள்ளணும். நாம் பேசினது விலை மட்டும். சென்ட்டுக்கு எவ்வளவு, வழிகாட்டி மதிப்பு எவ்வளவு, பக்கத்து ஊருக்கு எவ்வளவு கொடுத்தான், போர்செட்டுக்குத் தனியா, தென்னைக்குத் தனியா. பேசத்தான் வேணும், விட்டுக்கொடுக்கக் கூடாது. ஆனால் பத்து சென்ட் போனவர் பணம் வாங்கிக்கொண்டு வந்துவிடுகிறார். அவருக்குக் கீழே ஒரு சென்ட்கூடப் போகாத நூறு ஏக்கர்க்காரர்களுக்கு மதகு போகிறது. அவர்களுக்கு நோட்டீஸ் வராது, நஷ்ட ஈடு வராது, தண்ணியும் வராது. அவர்களுக்காக நாம் ஒரு மனுவாவது எழுதினோமா? வாய்க்கால் கரையை அண்டக் கட்டி வயலோடு சேர்த்துக்கொண்டவர் நம்மிலும் உண்டு. அளக்க வருகிற சர்வேயர் "வாய்க்காலே ரெண்டு அடிதானேங்க இருக்கு, அதுக்கு எதுக்கு ஆறு அடி மதகு" என்று கேட்டால் நாம் தலையைச் சொரிய வேண்டியிருக்கிறது. புலப்படத்தில் இருக்கிற அகலம் தரையில் இல்லை. முதலில் அதை நாமே சரி பண்ணணும்.

ரோட்டில் நெல் காய வைப்பது பற்றியும் சொல்லாமல் விட முடியாது. ராத்திரி பைக்கில் வந்த பையன் நெல் குவியலில் ஏறி விழுந்தால் அந்தப் பாவம் யாரைச் சேரும்? ஆனால் கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் இருந்தால் திருப்பி அனுப்புகிறார்கள். தளர்த்தணும் என்று வருஷா வருஷம் டெல்லிக்கு எழுதி, குழு வந்து பார்த்து, உத்தரவு வருவதற்குள் நெல் முளை விடுகிறது. களம் இருந்த புறம்போக்கு என்னென்னவோ கட்டடமாகிவிட்டது. ரோட்டை விட்டால் காய்ந்த தரை எங்கே? அகலப்படுத்துகிற எஸ்டிமேட்டில் கொள்முதல் நிலையம் இருக்கும் ஊர்களுக்கு ஒரு சிமெண்ட் களத்தையும் சேர்த்துப் போட்டால் ரோடும் பிழைக்கும், நாமும் பிழைப்போம். பஸ் நிறுத்தத்துக்கு நிழற்குடை போடத் தெரிகிறவனுக்கு இது தெரியாதா?

குத்தகைக்காரர் கதை தனிக் கதை. இந்த ரோட்டின் இரு பக்கமும் ஆதீன நிலமும் கோயில் நிலமும் நிறைய. பட்டா சாமி பேரில், உழவு நம் பேரில். நிலம் எடுத்தால் பணம் சாமி கணக்குக்குப் போகும், அப்பன் பாட்டன் காலத்திலிருந்து உழுதவன் ரோட்டில் நிற்பான். 2013 சட்டம் மூன்று வருஷத்துக்குக் குறையாமல் அந்த நிலத்தை நம்பி இருந்த குத்தகைதாரரையும் வாரதாரரையும் விவசாயத் தொழிலாளியையும்கூடப் பாதிக்கப்பட்ட குடும்பம் என்கிறது. ஆனால் காகிதம் வேணும். 1969-ஆம் வருஷத்துக் குத்தகை உரிமைப் பதிவுச் சட்டப்படி தாலுகா ஆபீசில் பேரைப் பதிந்தவர் எத்தனை பேர்? அளவுக்கல் நட்ட பிறகு ஓடினால் ஆகாது. அடங்கலில் பேர் ஏறட்டும், குத்தகை ரசீதைப் பத்திரப்படுத்துங்கள், சாமி படத்துக்குப் பின்னால் சொருகி வைத்துக் கரையானுக்குக் கொடுக்காதீர்கள்.

"வளர்ச்சிக்கு விவசாயி கொஞ்சம் விட்டுக்கொடுக்கணும்" என்று உபதேசம் பண்ணுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றத் தீர்ப்பில் கர்நாடகம் நமக்கு விட வேண்டிய தண்ணீர் 192 டிஎம்சியிலிருந்து 177.25 டிஎம்சியாகக் குறைந்தது. கொஞ்சம் விட்டுக்கொடுப்பது எப்படி இருக்கும் என்று நமக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. டிஎம்சி டிஎம்சியாகக் கோர்ட்டில் வாதாடி வாங்கி வருகிற தண்ணீரைக் கல்லணை வரை கொண்டுவந்து, நம்மூர் மதகில் தொலைக்கலாமா? கர்நாடகத்தைத் திட்டக் கூட்டம் சேருகிறது. குழாய் மதகைத் திட்ட நாலு பேர் வருவதில்லை.

ஆகவே நாம் கேட்பது இதுதான். ரோட்டு வேலைக்கு எஸ்டிமேட் போடும் முன்னால் நெடுஞ்சாலைக்காரரும் நீர்வளத்துறைக்காரரும் அந்தந்த ஊர்ப் பாசனதாரரும் சேர்ந்து ரோட்டில் நடக்கணும். ஜீப்பில் இல்லை, நடந்து. ஒவ்வொரு பாசன வாய்க்காலும் வடிகாலும் தாண்டுகிற இடத்தில் படுகை மட்டம் எடுத்து, ஊர்க்காரர் கையெழுத்தோடு வரைபடம் போடணும். புலப்படத்தில் உள்ள அகலத்துக்குப் பெட்டி மதகு வைக்கணும், ஆள் இறங்கித் தூர்வாருகிற உயரத்துக்கு. குழாய் கூடவே கூடாது. ஒட்டு மதகு கூடாது, உடைத்தால் முழுசாக உடைத்து ஒரே மட்டமாகக் கட்டணும்.

மதகு வேலை முழுக்க மேட்டூர் மூடின பிறகு, திறக்கிறதுக்கு முன்னால் முடியணும். வழக்கப்படி ஜனவரி 28-ல் மூடி ஜூன் 12-ல் திறக்க வேண்டிய அணை. 2022-ல் மே 24-லேயே திறந்தார்கள், 2024-ல் ஜூலை 28 ஆகிவிட்டது. எதை நம்பி வேலை செய்வது என்று காண்டிராக்டர் கேட்பார். மே முதல் தேதிக்குள் முடி என்று ஒப்பந்தத்தில் எழுதினால் எந்த வருஷத்துக்கும் பொருந்தும். முடிக்காவிட்டால் குறுக்கே போட்ட மண்ணை அவர் செலவில் அள்ளணும், அபராதமும் கட்டணும். லேட்டாகத் திறந்த வருஷத்தைக் காட்டி வேலையை ஜூலைக்கு இழுக்கிற சாக்கு நம்மிடம் செல்லாது.

ரோடு இரண்டு மாவட்டத்தில் போகிறது. 2020 டிசம்பரில் மயிலாடுதுறை தனி மாவட்டம் ஆனதிலிருந்து மேல்பக்கத்துக்காரர் தஞ்சாவூர் கலெக்டரிடமும் கீழ்ப்பக்கத்துக்காரர் மயிலாடுதுறை கலெக்டரிடமும் மனுக் கொடுக்கிறோம். வாய்க்காலுக்கு மாவட்ட எல்லை தெரியாது. இரண்டு குறைதீர் கூட்டத்திலும் ஒரே மனுவை, ஒரே மாதத்தில் கொடுப்பது என்று முடிவு செய்திருக்கிறோம்.

மனு வெறும் கோஷமாக இருந்தால் வாங்கிக் கட்டிப் பரணில் போட்டுவிடுவார்கள். அதனால் ஒவ்வொரு ஊரிலிருந்தும் வருகிறவர்கள் வெறுங்கையோடு வராதீர்கள். உங்கள் வாய்க்கால் இந்த ரோட்டைத் தாண்டுகிற இடம் எந்த கிலோமீட்டர் கல்லுக்குப் பக்கத்தில், மதகு எத்தனை கண், ஒரு கண் எத்தனை அடி அகலம், தளம் வாய்க்கால் படுகையைவிட மேடா பள்ளமா, கீழே எத்தனை ஏக்கர் பாய்கிறது, போன மழைக்குத் தண்ணீர் வடிய எத்தனை நாள் ஆச்சு, இதையெல்லாம் ஒரு தாளில் எழுதி வாருங்கள். வாய்க்காலின் பழைய பேரையும் எழுதுங்கள், பெரியவர்களைக் கேட்டால் சொல்வார்கள். எழுதத் தெரியாதவர் பேரப்பிள்ளையைக் கூட்டிப் போய் எழுதச் சொல்லுங்கள். அளக்கிறதுக்குக் கயிறும் கோலும் போதும். தண்ணீர் நிற்கிற இடத்தில் இறங்கும்போது மட்டும் பாட்டில் கண்ணாடி கிடக்கும், பார்த்து இறங்குங்கள்.